வீதியின் கோப்பைக் கேட்டோம்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு எங்கள் சங்கத்தின் அனுபவம்

இலங்கையில் ஊழலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொழும்பிலேயே தொடங்கிக் கொழும்பிலேயே முடிந்துவிடுகிறது. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி நடந்த மத்திய வங்கியின் பிணைமுறி ஏலம், 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது, அந்தப் பொருளாதார வீழ்ச்சியில் முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச உள்ளிட்டோர் மக்கள் தம்மீது வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆம் திகதி பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது ஆகியவற்றையெல்லாம் நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் வன்னியில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கும் எனக்கு, ஊழலின் அன்றாட முகம் வேறு. அரைகுறையாகப் போடப்பட்ட வீதி, முதல் மாரியிலேயே இடிந்த மதகு, கிரவல் கொட்டப்படாமலே கிரவல் கொட்டியதாகக் கணக்கு முடிக்கப்பட்ட குளக்கட்டு ஆகியவற்றில்தான் நான் அதை நேரில் கண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை, எங்கள் ஊரின் கொங்கிறீட் வீதியை, முன்வைத்து நாங்கள் செய்தவற்றையும் அதனால் தெளிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் வேலையைச் செய்வித்த அரச நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட அலுவலர்களில் சிலர் பின்னர் நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்பது ஒரு காரணம். இதே கதை எத்தனையோ ஊர்களில் நடக்கிறது என்பது இன்னொரு காரணம்.

வீதி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஓரங்களில் நின்று பார்த்தால் கொங்கிறீட்டின் தடிப்பு ஆறு அங்குல அளவுக்குத் தெரியும். சில மாதங்களின் பின் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக வீதியைக் குறுக்கே வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஓரத்தின் தடிப்பு 150 மில்லிமீற்றருக்குக் குறையவில்லை. நடுப்பகுதிக்குப் போகப் போக அது மெலிந்து, சக்கரங்கள் ஓடும் இடத்தில் 90 மில்லிமீற்றர் கூட இல்லாமல் இருந்தது. இருபக்கமும் பலகை அடித்து ஓரத்தை முழு உயரத்துக்கு நிறுத்திவிட்டு, நடுவில் மண்ணை மேடாக விட்டு அதன்மேல் கொங்கிறீட்டைப் பரப்பினால் இப்படித்தான் வரும். வெளியிலிருந்து அளப்பவர்கள் ஓரத்தைத்தான் அளப்பார்கள் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். எங்கள் சங்கத்து இளைஞர் ஒருவர், அகழியை மூடுவதற்குள் ஓடிப்போய் அளவுநாடாவை வெட்டுமுகத்தில் நிறுத்தி, நாடாவின் எண்கள் தெளிவாகத் தெரியும்படி ஓரத்திலும் நடுவிலும் படங்கள் எடுத்தார். பக்கத்து வேலியும் மின்கம்பத்தின் இலக்கமும் அதே படத்தில் விழும்படி அவர் பார்த்துக்கொண்டது பின்னர் பெரிதும் உதவியது. படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று யாரும் கேள்வி எழுப்ப முடியவில்லை.

இப்படி ஒன்று தெரியவந்தவுடன் எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடப்பது இரண்டு. ஒன்று, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுந்து சத்தம் போடுவது. மற்றது, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் மகஜர் கொடுப்பது. இரண்டிலும் "ஊழல் நடந்திருக்கிறது" என்ற வாக்கியம்தான் முதலில் வரும். அந்த வாக்கியத்துக்கு அரச அலுவலகங்களில் எப்போதும் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "வேலைகள் உரிய நடைமுறைகளுக்கு அமைவாக நிறைவேற்றப்பட்டுள்ளன." குற்றச்சாட்டுக்கு மறுப்பு கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. மேலும் அந்தக் காலத்தில் கேள்வி கேட்பதற்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களும் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்காமல் போய், 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். மாகாண சபையின் நிலை இன்னும் மோசம்: வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் தேர்தலே இல்லை. ஜனநாயகம் பலவீனமானது என்று பொதுவாகச் சொல்கிறோம். எங்கள் ஊரில் அதன் பொருள், வீதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் போய் நிற்க ஒரு வாசல் இல்லாமல் இருந்தது என்பதே.

ஆகவே நாங்கள் குற்றம் சாட்டுவதை விட்டுவிட்டு ஆவணங்களைக் கேட்பது என்று முடிவு செய்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையிலும் இடம்பெற்றிருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று, விண்ணப்பத்தைப் பெறும் தகவல் அலுவலர் கேட்க முடியாது. காரணம் சொல்ல வேண்டிய கடமை விண்ணப்பதாரிக்கு இல்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவைச் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கான பிரதிக் கட்டணம் ஒரு தேநீரின் விலையைக்கூட எட்டாது.

எங்களுக்கு மிகவும் பயன்பட்ட விதி வேறொன்று. சட்டத்தில் "பிரஜை" என்பதற்குள், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இலங்கைப் பிரஜைகளாக இருக்கும் சங்கங்களும் அடங்கும். அதனால் தனிமனிதர் ஒருவரின் பெயரில் இல்லாமல், சங்கத்தின் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, சங்கத்தின் கடிதத் தலைப்பில், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் ஒப்பத்தோடும் விண்ணப்பித்தோம். வன்னியில் இது சாதாரண விடயமல்ல. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், அரசிடம் கேள்வி கேட்பவரைப் பற்றி விசாரிக்க யாராவது வருவார்கள் என்ற அச்சம் இங்கே வீடுகளில் இருக்கிறது. அதைவிட நெருக்கமான அச்சமும் உண்டு: காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கான வதிவிடச் சான்று என்று நாளை நாம் போய் நிற்க வேண்டிய மேசையும் இன்று கேள்வி கேட்கும் மேசையும் பல வேளைகளில் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. சங்கத்தின் பெயரில் கேட்டபோது அந்தச் சுமை ஒருவர் தோளில் விழவில்லை. தீர்மானத்தை வழிமொழிந்தவர் ஒரு விதவைத் தாய். அவருடைய வீட்டுத்திட்டக் கொடுப்பனவு அப்போது இன்னும் பாதியில் நின்றது.

எதைக் கேட்பது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். வேலை தெரிந்தவர்களுக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். என் அனுபவத்தில் முழு முயற்சியும் இதில்தான் தங்கியிருக்கிறது. "வீதி ஏன் தரமில்லாமல் இருக்கிறது?" என்று கேட்டால் அது கருத்துக் கேட்பதாகும், தகவல் அலுவலர் கருத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அவர் வசம் இருக்கும் ஆவணத்தைக் கேட்டால் தர வேண்டும், அல்லது சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறார் என்று எழுத வேண்டும். ஆகவே ஒரு வீதிவேலையின் கோப்பில் என்னென்ன இருக்கும் என்று, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலையின் மதிப்பீடும், ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதிய பட்டியலும் முதலில். விலைமனுக் கோரிய அறிவித்தலும் கிடைத்த விலைமனுக்களை ஒப்பிட்ட அறிக்கையும் அடுத்து. பின் ஒப்பந்தம், வேலை நடக்கும்போது எடுத்த அளவுகளின் பதிவேடு, கொங்கிறீட் கனசதுரங்களின் அமுக்கப் பரிசோதனை அறிக்கை, ஒவ்வொரு கொடுப்பனவுக்குமான பட்டியல், கடைசியாக வேலை முடிந்ததாகக் கொடுத்த சான்றிதழ். இவற்றில் அளவுப் பதிவேடுதான் உயிர்நாடி என்றார் அவர். யார், எந்த நாளில், எந்த இடத்தில் என்ன தடிப்பை அளந்ததாகக் கையொப்பமிட்டார் என்பது அதில் இருக்கும். மற்றவை எல்லாம் அதைப் பின்பற்றி எழுதப்படுபவை.

விண்ணப்பத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பினோம். எளிதில் கொடுக்கக்கூடிய மதிப்பீடும் ஒப்பந்தமும் ஒன்றில். அளவுப் பதிவேடு, பரிசோதனை அறிக்கை, கொடுப்பனவுப் பட்டியல்கள் மற்றதில். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டால், சங்கடமான ஒன்றைக் காரணம் காட்டி முழுவதையும் நிறுத்திவைப்பது எளிது. இரண்டிலும் "ஊழல்", "மோசடி" போன்ற சொற்கள் எதையும் எழுதவில்லை. தமிழிலேயே எழுதி, பதிலும் தமிழில் வேண்டும் என்று குறிப்பிட்டோம். பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டி வைத்தோம். தபால் பற்றுச்சீட்டைத் தொலைத்தவர்களுக்குக் கால எல்லை எப்போது தொடங்கியது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

முதல் விண்ணப்பத்துக்கு மதிப்பீடும் ஒப்பந்தமும் ஒழுங்காக வந்தன. இரண்டாவதற்கு, அது ஒப்பந்தகாரரின் வர்த்தக இரகசியம் என்று மறுப்புக் கடிதம் வந்தது. இத்தகைய மறுப்பு வரும்போது பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மறுப்பைத் தொடர்ந்து 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்கள் மேன்முறையீட்டில் நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: பொதுப்பணத்தில் போடப்பட்ட வீதியின் தடிப்பு எவருடைய வர்த்தக இரகசியமும் ஆகாது, எவற்றை மறுக்கலாம் என்று சொல்லும் 5ஆம் பிரிவின் விதிவிலக்கு பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கும்போது தகவலை மறுக்கலாகாது என்று அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. குறித்தளிக்கப்பட்ட அலுவலர் பதிலே தரவில்லை. ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு போய், விசாரணைத் திகதி குறித்து நிறுவனத்துக்குக் கடிதம் கிடைத்த பின்னர்தான், விசாரணைக்கு முன்னதாகவே, ஆவணங்கள் ஒரு தடித்த உறையில் எங்கள் சனசமூக நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. இதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலே கேள்வி வரும் என்று தெரிந்தவுடன் கீழே கோப்பு திறக்கிறது.

அளவுப் பதிவேட்டில் வீதியின் முழு நீளத்துக்கும் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் இடம், நடு, வலம் மூன்றிலும் 150 மில்லிமீற்றர் என்று ஒரே எண், ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தது. உண்மையில் அளந்தவர் எவரும் அப்படி எழுத மாட்டார். மண்ணின்மேல் போட்ட கொங்கிறீட் ஓரிடத்தில் 148 ஆகவும் இன்னோரிடத்தில் 155 ஆகவும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தையும், குழாய் அகழியில் எடுத்த படங்களையும், ஒப்பந்தத்தின் தடிப்பு பற்றிய நிபந்தனையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதினோம். இப்போதும் குற்றம் சாட்டவில்லை. மூன்று ஆவணங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, ஆகவே சுயாதீனமான ஒருவர் முன்னிலையில் வீதியின் நடுப்பகுதியில் துளையிட்டு மாதிரி எடுத்து அளக்க வேண்டும் என்று கேட்டோம்.

அந்தக் கடிதத்தை அனுப்பிய நேரம் முக்கியமானது. இத்தகைய ஒப்பந்தங்களில் வேலை முடிந்த பின்னும் ஒரு பகுதிப் பணத்தை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பார்கள். குறைபாடுகளைத் திருத்துவதற்கான காலம், பெரும்பாலும் ஓராண்டு, முடிந்த பிறகே அது விடுவிக்கப்படும். அந்தக் காலம் முடியும் முன் எழுத்தில் முறைப்பாடு போனால், அதைக் கோப்பில் வைத்துக்கொண்டே பணத்தை விடுவிக்கக் கணக்காளர் தயங்குவார், ஏனெனில் நாளை கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். காலம் முடிந்து பணம் போன பிறகு அதே கடிதத்துக்கு எந்தப் பலமும் இல்லை. எந்த வேலையைப் பற்றிக் கேட்பவர்களும் முதலில் ஒப்பந்தத்தில் இந்தத் திகதியைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். பிரதியைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் திணைக்களத்துக்கும் அனுப்பினோம். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பின், அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே அறவிட வழி இருக்கிறது. அது எங்கள் விடயத்தில் நடக்கவில்லை. ஆனால் பிரதி யாருக்குப் போயிருக்கிறது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்ததை எல்லோரும் வாசித்தார்கள்.

துளையிட்டு அளந்தார்கள். மோசமாக இருந்த நீளத்தைப் பெயர்த்து மீண்டும் போட்டார்கள். மீதியில் குறைந்த தடிப்புக்கு ஏற்பப் பிடித்துவைத்த பணத்தில் கழித்ததாக எழுத்தில் பதில் தந்தார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. அளவை எழுதிய உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனார். இடமாற்றத்தை நீதி என்று நான் கருதவில்லை, அடுத்த ஊருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. இதை மறைத்து வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்வதற்குக் கசப்பானது. சிறிய வேலைகளை விலைமனு இல்லாமல் நேரடியாக ஊர்ச் சங்கங்களுக்கே கொடுக்கும் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஊர்மக்களே உழைத்து, கூலியும் தரமும் ஊருக்கே கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பல இடங்களில் ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் இருக்கும். வேலையைச் செய்பவர் வெளியிலிருந்து வரும் ஒப்பந்தகாரர். பெயரைக் கொடுத்ததற்காகச் சங்கத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வரும். அந்தப் பணத்தில் கோயில் திருவிழாவும் விளையாட்டுப் போட்டியும் நடக்கும். அந்த வீதி உடையும்போது கேள்வி கேட்க வேண்டிய சங்கமே ஆவணத்தில் ஒப்பந்தகாரராக இருக்கும். எங்கள் சங்கத்துக்கும் இத்தகைய கோரிக்கை வந்திருக்கிறது. பொதுச்சபையில் வாதம் நடந்து மறுத்தோம்; அந்த மறுப்பு இல்லாவிட்டால் மேலே எழுதிய எதுவும் சாத்தியமாகியிருக்காது. அலுவலகத்தில் ஒரு பத்திரத்துக்காகக் கேட்கப்படும் "சந்தோசம்" மட்டும்தான் ஊழல் என்று எங்கள் இளையவர்கள் நினைத்துவிடக் கூடாது.

அந்தச் "சந்தோசம்" கேட்கப்படும் இடத்தில் வழி வேறு. நேரடியாக இலஞ்சம் கேட்டால் அங்கே ஆவணம் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. பணம் கைமாறும் முன்பே 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் கொடுத்து முடிந்த பிறகு நிரூபிப்பது கடினம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. தகவல் தருபவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அதில் உண்டு. பாலியல் இலஞ்சம் தனிக் குற்றமாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த எங்கள் மாவட்டங்களில் இதை ஒவ்வொரு மாதர் சங்கக் கூட்டத்திலும் வாசித்துச் சொல்ல வேண்டும். தெரிந்தே பொய்க் குற்றச்சாட்டுக் கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பகையைத் தீர்க்க முறைப்பாடு எழுதுபவர்கள் உண்மையான முறைப்பாடுகளின் மதிப்பையும் கெடுக்கிறார்கள்.

இந்தச் சட்டங்கள் நிலையானவை என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. 2015இன் 19ஆவது திருத்தம் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் அரச கொள்முதலுக்கான தேசிய பெறுகை ஆணைக்குழுவையும் உருவாக்கியது. 2020இன் 20ஆவது திருத்தம் இரண்டையும் இல்லாமல் செய்தது. மக்கள் வீதிக்கு இறங்கி ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய பின், 2022 ஒக்டோபரில் நிறைவேறிய 21ஆவது திருத்தம் அவற்றைத் திருப்பித் தந்தது. ஏழு ஆண்டுகளில் கட்டி, இடித்து, மீண்டும் கட்டியிருக்கிறார்கள். தகவல் உரிமை இந்தக் குலுக்கலில் தப்பியதற்கு, அதைப் பயன்படுத்தியவர்கள் நாடெங்கும் இருந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாராளுமன்ற உறுப்பினர்களில் யார் யார் சொத்து விபரம் கொடுத்தார்கள் என்று ஊடகவியலாளர் ஒருவர் 2018இல் கேட்டார். 2021 பெப்ரவரியில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு அதை வெளியிடச் சொன்னது. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. ஒரு பெயர்ப்பட்டியலுக்கு ஐந்தாண்டு ஆனது. ஆனால் இனி அதே கேள்வியைக் கேட்பவருக்கு ஐந்தாண்டு தேவையில்லை.

இப்போது எங்கள் ஊரில் குளக்கட்டுப் புனரமைப்புக்கு ஆயத்தம் நடக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செயற்றிட்டம் என்றால், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் அதன் விபரம் பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எவரும் தெரிவிக்கவில்லை. ஆகவே இம்முறை வேலை முடியும்வரை காத்திராமல், மதிப்பீடு, எத்தனை கியூப் கிரவல், அது எந்தக் குழியிலிருந்து எடுக்கப்படும், எத்தனை படையாகப் பரப்பி உருளை ஓட்டப்படும் என்பவை எழுதப்பட்ட ஆவணங்களைச் சங்கத்தின் பெயரில் கேட்டிருக்கிறோம். டிப்பர்கள் வரத் தொடங்கும் நாளில் கட்டின் இரு முனையிலும் நின்று எண்ணி எழுதுவதற்கு, குளத்தின்கீழ் வயல் செய்பவர்கள் தங்களுக்குள் முறை வகுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு கடந்த வாரம் கைக்கு வந்தது. 14 வேலை நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.